கிராமச் சேகரத்தில் குருவானவரின் நாள்: சந்திப்புக்கும் படிப்புக்கும் நேரம் பிரிப்பது எப்படி?

கேள்வி
எழுதியவர்: தேரிக்குப் போகும் குரு

பெரியவர்களுக்கும் சக ஊழியர்களுக்கும் கிறிஸ்துவுக்குள் அன்பான வாழ்த்துகள்.

இறையியல் படிப்பை முடித்துக் குருப்பட்டம் பெற்றபின் இதுவரை நகரத்துப் பெரிய ஆலயம் ஒன்றில் உதவி குருவாக இருந்து வந்தேன். வரும் மே மாத இடமாற்றத்தில் முதன்முறையாக எனக்குத் தனிச் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) கொடுத்திருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், தேரிக்காடு என்னும் செம்மணல் மேட்டை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் தலைமை ஆலயம் இருக்கிறது. சுற்றிலும் பனை விளைகளுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இடையே சிறிய சபைகள் சில உள்ளன. சில சபைகளுக்குக் குருவானவருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியார் உண்டு, சிலவற்றுக்கு இல்லை.

நகரத்தில் என் நாள் கடிகாரத்தின்படி நடந்தது. சபையார் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வருவார்கள். வீடு சந்திப்புக்கும் அப்படித்தான் நேரம் குறிப்போம். கிராமத்தில் அது நடவாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே எது நடக்கும் என்று மட்டும் யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை.

எனக்கு ஈடுபாடுள்ளவை இரண்டு. நம் கீர்த்தனைப் புத்தகத்தில் பாடல்களின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சிட்டிருந்தும், அவற்றுள் பல இன்று வேறு மெட்டில் பாடப்படுகின்றன. பழைய மெட்டை அறிந்த முதியவர்கள் கிராமங்களில் இன்னும் இருப்பார்கள் என்பதால், அவர்கள் பாடக் கேட்டுப் பதிந்து வைக்க விரும்புகிறேன். அடுத்தது, ஊர்ச் சபைகளின் வரலாறு. பழைய பதிவேடுகளையும் கல்லறைக் கல்வெட்டுகளையும் படித்து ஒழுங்குபடுத்தவேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஆனால் ஓர் அச்சம் இருக்கிறது. கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் குருவானவரை, வேலையற்று உட்கார்ந்திருப்பவர் என்று சபையார் எண்ணிவிடுவார்களோ? நோயாளியும் கடன்காரனும் விதவையும் வாசலில் நிற்கும்போது இராகத்தைத் தேடிப் போவது ஊழியத்துக்கு அடுத்த காரியம்தானா, அல்லது என் சொந்த இன்பம் மட்டும்தானா? கிராமச் சேகரங்களில் வாழ்ந்தவர்கள் தங்கள் நாளை எப்படி நடத்தினார்கள் என்று விரிவாகச் சொல்லும்படி வேண்டுகிறேன்.

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற சேகர குரு

அன்புத் தம்பி,

புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போக நினைக்கிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. என் ஊழியக் காலத்தின் பெரும்பகுதி கிராமச் சேகரங்களிலேயே கழிந்தது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் சில வாரங்களுக்குக் கால அட்டவணை எதையும் போடாதீர்கள். ஊருக்கு ஏற்கெனவே ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது. அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மே மாதத்தில் போகிறீர்கள், அது பதநீர்க் காலத்தின் மும்முரம். பனையேறுகிறவர் இருட்டு விலகுமுன் விளைக்குப் போய்விடுவார். பாளை சீவ மாலையிலும் மறுபடி ஏறவேண்டும். இறக்கிய பதநீரைத் தாமதமின்றிக் காய்ச்சியாக வேண்டுமாதலால், முற்பகல் முழுவதும் அந்த வீட்டு அம்மா, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பின்முன் நிற்பார். நீங்கள் காலை பத்து மணிக்கு வேதாகமத்தோடு போய் நின்றால், அவரால் அடுப்பை விட்டு வரவும் முடியாது, குருவானவரை நிற்க வைத்திருக்கவும் மனம் வராது. பாகு பதம் தவறினால் அன்றைய கருப்புக்கட்டி வீணாகும். அதே வீட்டுக்கு விளக்கு வைத்தபின் போனால் எல்லாரும் இருப்பார்கள். வாழைத் தோட்டக்காரருக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றும் வீடுகள் இருந்தால், அவர்கள் கடைக்குப் பீடி கொடுக்கப் போகும் நேரத்தை விட்டுவிட்டு மற்ற நேரத்தில் போகலாம். தட்டை மடியில் வைத்தபடியே பேசுவார்கள், ஜெபிக்கும் சில நிமிடம் தவிர அதை எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள், கை நின்றால் கூலி நிற்கும்.

இந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டீர்களானால் உங்கள் படிப்புக்கான நேரம் தானாகவே வெளிப்படும். விடியுமுன் இரண்டு மணி நேரம் உங்களுடையது. கோயில் மணி அடித்துக் காலை ஜெபம் முடியும்வரை பெரும்பாலும் ஒருவரும் தேடி வரமாட்டார்கள், வந்தால் அது மரணமாகவோ மருத்துவமனைப் பயணமாகவோ இருக்கும். அடுத்தது உச்சி வெயில் நேரம். தேரி மணல் கொதிக்கும் அந்த வேளையில் ஊரே நிழலில் ஒதுங்கிவிடும்; பிற்பகல் மூன்று மணிவரை நீங்கள் வாசிக்கலாம், எழுதலாம். மாலை நாலு மணிக்குப் பிறகு புத்தகத்தைத் திறக்க எண்ணவேண்டாம், அது முழுவதும் சபைக்கு உரியது.

பிரசங்கத்தைச் சனிக்கிழமை இரவுக்கு ஒத்திப்போடும் வழக்கம் கிராமத்தில் உதவாது, ஏனென்றால் சனிக்கிழமை இரவு உங்கள் கையில் இராது. அன்றுதான் கல்யாண வீட்டார் வருவார்கள், மறுநாள் பண்டிகையென்றால் பந்தல்காரர் வருவார். அடுத்த ஞாயிறுக்கு உரிய பாடத்தைத் திங்கட்கிழமையே வாசித்துவிடுங்கள். வாசித்து, மனத்தில் வைத்துக்கொண்டு வீடுகளுக்குப் போங்கள். மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் மணல்மேல் வீடு கட்டினவனைப் பற்றி வருகிறது. ஆனி, ஆடிக் காற்றில் தேரி மணல் ஓரிடத்திலிருந்து எழுந்து வேறிடத்தில் குவிவதையும், வேலியும் பாதையும் அதில் மூடிப்போவதையும் சிறு வயதுமுதல் பார்த்த முதியவர் ஒருவரிடம் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். எந்த விளக்கவுரையிலும் கிடைக்காத செய்தி கிடைக்கும். படிப்பும் சந்திப்பும் ஒன்றையொன்று தின்னும் என்ற உங்கள் அச்சத்துக்கு என் பதில் இதுதான்: இரண்டையும் ஒரே பாடத்தால் கட்டிவிட்டால் ஒன்றுக்கு ஒன்று உதவும்.

வீடு சந்திப்பில் நான் மிகக் கண்டிப்பாகச் சொல்வது, எந்தத் தெருவிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதை. ஒரே ஆலயத்தில் வழிபட்டும் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் நம்மிடையே இருக்கின்றன என்பது வெட்கப்படவேண்டிய உண்மை. புதிய குருவானவர் முதல் வாரத்தில் எந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார், எங்கே தண்ணீர் வாங்கிக் குடித்தார், எந்த வாசலில் நின்றபடியே ஜெபித்துவிட்டுத் திரும்பினார் என்பதை ஊர் முழுவதும் கவனிக்கும். சேகர கமிட்டியார் உங்களை முதலில் தங்கள் வீடுகளுக்கு அழைப்பார்கள். அன்போடு, வரிசைப்படி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஊரின் கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள். எல்லா வீட்டிலும் ஒரே அளவு நேரம் இருங்கள், எல்லா வீட்டிலும் கொடுப்பதைச் சாப்பிடுங்கள்.

இடையன்குடி உங்களுக்குத் தொலைவில் இல்லை. 1841இல் கால்டுவெல் அங்கே வந்து குடியேறினார். அந்தப் பனங்காட்டு ஊரில் ஊழியம் செய்த காலத்திலேயே 1856இல் அவருடைய ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1847இல் தொடங்கிய ஆலயக் கட்டுமானம் 1880இல்தான் நிறைவுற்றது. சாயர்புரத்தில் இருந்த ஜி.யு. போப் பின்னாளில் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிராமத்தில் இருந்தால் படிப்பு போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு இவர்களைக் காட்டலாம். ஆயினும் அவர்களை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்குப் பின்னால் வெளிநாட்டுச் சங்கங்களின் பணமும், கீழே பல உபதேசியார்களின் உழைப்பும் இருந்தன. உங்கள் வாழ்க்கைக்கு நெருங்கியவர், 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன். புராட்டஸ்டண்டு திருச்சபையின் முதல் இந்தியக் குருவான அவர், நகரத்து ஆலயத்தில் அமராமல் மாயவரம் பக்கத்துச் சிற்றூர்ச் சபைகளைச் சுற்றி வந்தே தம் ஊழியத்தை முடித்தார்.

பதில் 2
எழுதியவர்: குருமனை அம்மா

ஐயரவர்களுக்கு வணக்கம்.

மேலே பெரிய ஐயர் எழுதியவை அனைத்தும் உண்மை. ஆனால் விடியுமுன்னும் உச்சிவேளையிலும் படிக்கலாம் என்று அவர்கள் சொல்லும்போது, அந்த நேரத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டவர் யார் என்பதை எழுதாமல் விட்டுவிட்டார்கள். அது குருமனை அம்மாதான், அதாவது குருவானவரின் மனைவி. என் கணவரும் கிராமச் சேகரங்களில்தான் பணியாற்றுகிறார். ஆகவே உள்பக்கத்து நடைமுறையை நான் சொல்கிறேன்.

கிராமத்துக் குருமனைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. ஞானஸ்நானச் சான்று வேண்டுமென்று ஒருவர் வருவார். பிள்ளைக்குக் காய்ச்சல், எண்ணெய் ஜெபித்துத் தாருங்கள் என்று ஒருவர் வருவார். காரணம் எதுவும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவரும் வருவார், உண்மையில் அவரிடம்தான் பெரிய சுமை இருக்கும். இவர்களை நேரம் சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது. ஆனால் ஐயர் எப்போது படிக்கிறார், எப்போது வெளியே வருவார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தால், அவசரம் இல்லாதவர்கள் தாங்களே காத்திருப்பார்கள். படிக்கும் மேசையை உள்ளறையில் ஒளித்து வைக்காமல், திண்ணையிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் போடுங்கள். ஐயர் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்த சனங்கள் அதை மதிக்கிறார்கள். மூடிய கதவைத்தான் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். படிக்கிற குருவானவரை வேலையற்றவராக எண்ணுவார்களோ என்று அஞ்சவேண்டாம். பிரசங்கத்தில் படிப்பு தெரிந்தால் முதலில் பாராட்டுகிறவர், எழுதப் படிக்கத் தெரியாத கிழவியாகத்தான் இருப்பார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்திலும் உங்கள் வீட்டு அம்மாவிடம் பெண்கள் பேசும் காரியங்கள் உங்களிடம் ஒருநாளும் நேராக வரமாட்டா. குடித்துவிட்டு அடிக்கும் கணவன், வாரந்தோறும் தவணை கேட்டு வாசலுக்கு வரும் குழுக்கடன், வெளிநாட்டுக்குப் போய்ப் பணமும் கடிதமும் அனுப்பாத மகன், இவைதான் அங்கே பேசப்படும். அம்மா அதை உங்களிடம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அதன் நிழல்கூடப் பிரசங்கத்தில் விழக்கூடாது. பெயர் சொல்லாமல் உவமையாகச் சொன்னாலும், சின்ன ஊரில் அது யாரென்று ஆராதனை முடியுமுன் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்குப்பின் அந்த வீட்டார் தங்கள் துக்கத்தை உங்களிடம் கொண்டுவரமாட்டார்கள்.

உங்கள் துணைவியார் வேலைக்குப் போகிறவராக இருந்தால், ஐயரம்மா எல்லாக் கூட்டத்துக்கும் வருவார் என்று முன்னதாகவே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவரிடம் கேட்டுவிட்டு, எந்தக் கூட்டத்துக்கு வர இயலும் என்பதைத் தொடக்கத்திலேயே சங்கத்தாருக்குச் சொல்லிவிடுவது நல்லது. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, பிள்ளைகளுக்கென்று இருக்கட்டும். ஞாயிறு முழுவதும் அப்பாவைப் பிரசங்கபீடத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

இராகங்களைப் பற்றி: அறுப்பின் பண்டிகைக்கு முன்னுள்ள வாரங்கள் அதற்கு ஏற்றவை. அப்போது முதற்பலன் பிரிக்கவும் ஏலத்துக்குப் பொருள் சேர்க்கவும் பெண்கள் ஒன்றாகக் கூடுவார்கள், கூடினால் பாடுவார்கள். பாட்டியம்மாமார் பழைய மெட்டில் பாடுவதை அங்கே கேட்கலாம். கைப்பேசியை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பதிவு செய்யத் தொடங்கினால் குரல் அடங்கிவிடும். முதலில் நீங்களும் சேர்ந்து பாடுங்கள், பிறகு கேட்டுக்கொண்டு பதியுங்கள்.

பதில் 3
எழுதியவர்: உபதேசியார் மகன்

மரியாதைக்குரிய ஐயா,

என் தகப்பனார் கிராமச் சபைகளில் உபதேசியாராக இருந்தார்கள். ஆகவே குருவானவரை அருகிலிருந்து பார்த்து வளர்ந்தேன். ஒரு சபையாளனாக எழுதுகிறேன்.

எங்கள் சேகரத்தில் முன்பு இருந்த குருவானவர் ஒருவருக்குப் பறவைகள் என்றால் உயிர். திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளை ஒரு முறை வேனில் ஏற்றி நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்துக்கு அழைத்துப் போனார்கள். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குளத்தில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டியிருந்தன. வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடுகள் இருந்தன. பறவைகள் அஞ்சும் என்பதற்காக அந்த ஊரார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்பதையும், பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் ஐயர் அங்கே நின்றபடி சொன்னார்கள். ஆகாயத்துப் பறவைகளைக் கவனித்துப் பாருங்கள் என்ற வசனத்தை அதற்குமுன் எத்தனையோ முறை ஒப்பித்திருந்தோம். அன்றைக்குப் பிறகு எங்களுள் சிலருக்கு வேட்டைக் கவணைத் தொட மனம் வரவில்லை. குருவானவருடைய ஈடுபாடு சபைக்குப் பயன்படுமா என்ற உங்கள் கேள்விக்கு நான் கண்ட பதில் அது. அவர்கள் பறவை பார்ப்பதை எங்களிடமிருந்து ஒளித்து வைக்கவில்லை, எங்கள்மேல் திணிக்கவும் இல்லை.

வரலாற்றைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்ல அனுமதியுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு குடும்பம் எந்த ஆண்டில் சபையில் சேர்ந்தது, அதற்குமுன் என்ன பெயர், என்ன தொழில், என்ன சாதி என்பது முதற்கொண்டு இருக்கக்கூடும். குழந்தையின் தகப்பன் பெயர் எழுதாத பதிவும் இருக்கக்கூடும். உங்களுக்கு அது வரலாறு. அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு அது நாளைக்கு நடக்கப்போகும் பெண் பேச்சைக் கெடுக்கிற செய்தி. சபை வாட்ஸ்அப் குழுவில் பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கல்லறைக் கல்வெட்டு பொது இடத்தில் இருப்பது, அதைப் படியுங்கள், சுண்ணாம்பு அடித்து எழுத்தை மூடிவிடாமல் காப்பாற்றுங்கள். பதிவேட்டைச் செல்லரிக்காமல் வைப்பதும், அதிலுள்ள காரியத்தைக் குடும்பத்தாரைத் தவிர மற்றவரிடம் பேசாதிருப்பதும் உங்கள் கடமை என்று நினைக்கிறேன்.

எழுதத்தக்க வரலாறு வேறு நிறைய இருக்கிறது. இந்தியத் திருச்சபையில் 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக, தோர்ணக்கல் பேராயத்துக்கென்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்ற அசரியா, வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874இல் பிறந்தவர். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்க் குருவானவர். மகனைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். தகப்பனைப் போன்ற கிராமக் குருமாரையும், அவர்களோடு வெயிலில் நடந்த உபதேசியார்களையும், ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக் காணிக்கை சேர்த்த பெண்களையும் பற்றி எழுதியவர்கள் குறைவு. நீங்கள் எழுதுவதானால் அவர்களைப் பற்றி எழுதுங்கள்.

இன்னொன்று. உபதேசியாரை அனுப்பி வைக்கும் ஆளாக மட்டும் நடத்தாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து ஞாயிறு பாடத்தைச் சேர்ந்து படியுங்கள். மாதத்தில் திருவிருந்து ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் சிறிய சபைகளில் பிரசங்கிப்பவர்கள் அவர்களே. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் புத்தகங்களை அவர்களுக்குக் கொடுத்தால் அந்தப் படிப்பு எல்லாச் சபைகளுக்கும் போய்ச் சேரும்.

பதில் 4
எழுதியவர்: கிராமப் பள்ளி ஆசிரியர்

இதுவரை எழுதியவர்களோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் அழுத்தம் வேறிடத்தில் விழவேண்டும் என்று கருதுகிறேன். கிராமத்தில் நன்றாக எழுதவும், அரசு அலுவலகத்துக்குப் போய்ப் பேசவும் தெரிந்தவர்கள் சிலரே; அவர்களுள் ஒருவர் குருவானவர். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம், பிள்ளையின் கல்வி உதவித்தொகை, நிலப்பட்டாவில் பெயர் திருத்தம் ஆகியவற்றுக்காகத் திண்ணைக்கு வருகிறவர்கள், ஜெபத்துக்காக வருகிறவர்களுக்குக் குறையமாட்டார்கள். இராகத்துக்கு ஒதுக்கும் நேரத்துக்கு முன் இதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

இதற்குச் சட்ட அறிவும் வேண்டும். திருமணத்தை 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நடத்தி, ஆலயப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சபையார் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் வந்தபின், எந்த மதத்தாரானாலும் 90 நாட்களுக்குள் அரசுப் பதிவு அலுவலகத்திலும் பதியவேண்டும். மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும்போதே இதையும் மணவீட்டாருக்குச் சொல்லிவிட்டால், பின்னால் கடவுச்சீட்டுக்கு அலையவேண்டியதில்லை.

ஞானஸ்நானச் சான்று இதைவிட நுட்பமானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இழக்கிறார். அந்த ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு விரிவாக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே குருவானவர் எழுதிக் கொடுக்கும் ஒரு தாளில் ஒரு பிள்ளையின் கல்லூரி இடமும் வேலையும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. உண்மைக்கு மாறாக ஒரு வரியும் எழுதக்கூடாது. அதே வேளையில் இந்த அநீதியை அறியாதவராய், ஏன் ஞானஸ்நானம் பெறத் தயங்குகிறாய் என்று ஓர் ஏழைத் தகப்பனை எல்லார் முன்னிலும் கேட்டுவிடவும் கூடாது. இறையியல் கல்லூரியில் இதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். திண்ணையில் அது முகத்தோடும் பெயரோடும் வந்து நிற்கும்.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: தேரிக்குப் போகும் குரு

ஐயா, அம்மா, சகோதரர்களே, நேரம் எடுத்து எழுதிய ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதிவேடுகளைப் பற்றி உபதேசியாரின் மகன் எழுதியதும், சான்றுகளைப் பற்றி ஆசிரியர் எழுதியதும் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தன. குடும்ப விவரங்களை விட்டுவிட்டு, ஆலயக் கட்டுமானம், உபதேசியார்கள், பெண்கள் சங்கம் ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகளை மட்டும் தொகுப்பது என்று எண்ணியிருக்கிறேன். அலுவல் தாள்களுக்காக வருகிறவர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்கிப் பள்ளி வாலிபர்களையும் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றுகிறது.

இன்னும் ஒரே ஒரு காரியத்தைப் பெரிய ஐயரிடம் கேட்கவேண்டும். சேகரத்தில் சபைத் தேர்தலையொட்டி இரண்டு தரப்பு இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். நான் போய் இறங்கும் நாளிலேயே இரு தரப்பாரும் வரவேற்க வருவார்கள். அந்த முதல் வாரத்தில் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது?

பதில் 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற சேகர குரு

தம்பி, ஆசிரியர் எழுதியதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அந்த இரண்டு மாலைகள் நல்ல ஏற்பாடு. குருமனை அம்மா சுட்டிக்காட்டிய காரியமும் நியாயமானதே. என் படிப்பு நேரத்தில் வாசலில் நின்று பதில் சொன்னவர் என் மனைவிதான்.

இரண்டு தரப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வரவேற்புக்கு வருகிற பூமாலைகளை இரு தரப்பாரிடமும் வாங்கிக்கொள்ளுங்கள், எவருடைய வண்டியிலும் ஏறாதீர்கள். உங்கள் சாமான்களை நீங்களே வாடகை வண்டி பிடித்துக் கொண்டுபோய் இறக்குங்கள். தூக்கி வைக்க எவர் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லவேண்டாம். முதல் விருந்து எந்த வீட்டிலும் வேண்டாம், குருமனையிலேயே சமைத்துச் சாப்பிடுங்கள். உங்களுக்குமுன் இருந்த குருவானவரைப் பற்றி ஒரு தரப்பார் குறை சொல்வார்கள், மறு தரப்பார் புகழ்வார்கள்; இரண்டுக்கும் தலையை ஆட்டவேண்டாம், அவர் நல்ல ஊழியர், அவருக்காக ஜெபிப்போம் என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

பொறுப்பேற்கும் நாளில், ஆலயச் சாவிகள், திருவிருந்துப் பாத்திரங்கள், ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள், கணக்குப் புத்தகங்கள், வங்கிப் புத்தகம் ஆகிய அனைத்தையும் பட்டியல் போட்டு, போகிற குருவானவரும் பொருளாளரும் கமிட்டியில் இரு தரப்பையும் சேர்ந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சரிபார்த்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கணக்கில் விட்டுப்போனது ஏதேனும் இருந்தால் அந்த இடத்திலேயே பட்டியலில் குறியுங்கள். யாரையும் குற்றம் சாட்டிப் பேசவேண்டாம். பதிவேட்டின் கடைசிப் பதிவுக்குக் கீழே தேதியிட்டுக் கோடு போட்டு, அதற்குக் கீழே நீங்கள் எழுதத் தொடங்குங்கள்.

அது முடிந்ததும் உபதேசியார்களைத் தனியாக அழைத்து இரண்டு பட்டியல் கேளுங்கள். ஒன்று, படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல், அவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கவேண்டும். மற்றது, நெடுநாளாய்க் குருவானவர் எவரும் போகாத வீடுகளின் பட்டியல். மனத்தாங்கலால் ஆலயத்துக்கு வராதவர்கள், சந்தா கட்ட இயலாமல் கூச்சத்தால் ஒதுங்கியவர்கள், வேறு சபைக்குப் போய்விட்டவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். அன்றைக்கு மாலையே, விளக்கு வைத்தபின், உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு அந்த இரண்டாம் பட்டியலின் முதல் வீட்டுக்குப் போங்கள். சந்தாவைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் ஒரு சொல்லும் பேசவேண்டாம். பிள்ளைகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போங்கள்.